இரும்புச் சாவியும் மீயொலியும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓடும் பட்டறையில் யாருக்காவது வலிப்பு வந்தால் அடுத்த சில நொடிகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். "சாவி கொடு, சாவி கொடு" என்று ஒருவர் கத்துவார். இன்னொருவர் கையில் அகப்பட்ட ஸ்பேனரை விழுந்தவரின் உள்ளங்கையில் திணித்து விரல்களை இறுக மூடுவார். கைகால்கள் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். "இரும்பு கொடுத்ததும் நின்னுடுச்சு" என்று கூடியிருந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஆவடி ரயில் நிலையத்திலும் பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் இதே காட்சியைக் காணலாம்.

இரும்பு எதையும் நிறுத்தவில்லை. பெரும்பாலான வலிப்புகள், யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடும். ஆனால் சாவி கொடுத்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. சாவி கொடுத்தார்கள், வலிப்பு நின்றது. இரண்டையும் கண்ணால் பார்த்தார்கள். அவர்கள் பார்க்காதது ஒன்று உண்டு: சாவி கொடுக்காத அதே மாதிரியான இன்னொருவருக்கு எப்போது நிற்கிறது என்பது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாததால் தற்செயல், காரணமாகத் தெரிந்தது.

இந்த அத்தியாயம் மூளைக்குள் மீயொலியை, அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலியை, செலுத்தி வலிப்பை அடக்கும் முயற்சியைப் பற்றியது. மண்டையோட்டைத் திறக்காமல் மூளையின் ஆழத்தைத் தொடலாம் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு நியாயமானது என்று அளக்க, பட்டறையில் சாவியைப் பற்றி நாம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

மூளைக்குள் நடப்பது

மூளையின் நரம்புச் செல்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. சில செல்கள் அடுத்த செல்லைத் தூண்டும். சில செல்கள் அடுத்ததை அமைதிப்படுத்தும். தூண்டுவதில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளும், அடக்குவதில் காபா என்ற வேதிப்பொருளும் முக்கியப் பங்கு வகிக்கின்றன. இவற்றின் சமநிலை குலையும்போது லட்சக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில், ஒரே கதியில் துடிக்கத் தொடங்கும். அதுவே வலிப்பு. மூளையின் எந்தப் பகுதியில் இது தொடங்குகிறது என்பதைப் பொறுத்து அதன் வடிவம் மாறும். ஒருவர் தரையில் விழுந்து துடிப்பார். இன்னொருவர் பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புவார், சட்டைப் பொத்தானைத் திருகுவார்; பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்வார். இரண்டாவது வகையை வலிப்பு என்று குடும்பமே அறியாமல் ஆண்டுகள் கழிவதுண்டு.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 80 சதவீதம் பேர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். பிரசவத்தில் மூச்சுத் திணறல், பைக் விபத்தில் தலைக்காயம், பக்கவாதம், மூளைக் காய்ச்சல், மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல. நம் பக்கத்தில் இன்னொரு காரணம் அடிக்கடி தென்படும்: பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் அசுத்தமான நீர், உணவு வழியே உடலுக்குள் போய், அவற்றிலிருந்து வரும் இளம்புழுக்கள் மூளையில் கட்டியாகத் தங்குவது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் வேலூர் மாவட்டத்தில் வீடுவீடாகச் சென்று நடத்திய ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சில மணி நேரத்தில் வந்துவிடும் ஊர்களின் கதை இது. கழிப்பறையும் சுத்தமான குடிநீரும் வலிப்புக்குத் தடுப்பு மருந்து என்று சொன்னால் அது மிகையில்லை.

நோயைவிட அதிகமாகக் காயப்படுத்தும் பழக்கங்களும் நம்மிடம் இருந்தன. திரும்பத் திரும்ப வரும் வலிப்பை, திருமணத்துக்குத் தகுதியின்மைகளில் ஒன்றாக இந்து திருமணச் சட்டம் 1999 வரை வைத்திருந்தது. அந்த ஆண்டு செய்த திருத்தம் அதை நீக்கியது. சட்டம் மாறிய பிறகும், வரன் பார்க்கும் வீடுகளில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கும் வழக்கம் மாறவில்லை.

மாத்திரைக்கு அடங்காத மூன்றில் ஒருவர்

வலிப்புக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. சரியாகக் கண்டறிந்து, சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். மீதிப்பேர்தான் இந்த அத்தியாயத்தின் மையம். 2000-ஆம் ஆண்டு கிளாஸ்கோவிலிருந்து பாட்ரிக் குவானும் மார்ட்டின் பிராடியும் 525 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு முன் மருந்து எடுத்திராதவர்களில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதம் பேருக்கு நின்றது. அதற்கு மேல் எத்தனை மருந்துகளை மாற்றியும் சேர்த்தும் பார்த்தபோது கூடுதலாகப் பலன் கண்டது 4 சதவீதம் பேர் மட்டும். இரண்டு மருந்துகள் தோற்றால் மூன்றாவது ஜெயிப்பது அரிது என்பதே இதன் பொருள். 2010-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் இதையே வரையறையாக்கியது: பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு.

இவர்களுக்கான அடுத்த வழி அறுவை சிகிச்சை. இந்தியாவில் அதன் தொடக்கம் நமக்குப் பக்கத்தில்தான். மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூரில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை அங்கே நடந்தது. சென்னை பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி 1950-இலிருந்து நரம்பு அறுவையை வளர்த்தார். அந்த மரபு இன்று உறுதியான சான்றுகளுடன் நிற்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்கு அடங்காத 116 சிறுவர் சிறுமியரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து, அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 7 சதவீதம்.

அதே ஆய்வு அறுவையின் விலையையும் மறைக்கவில்லை. அறுவை பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவு இருந்தது. கை கால் பலவீனம் அவற்றில் முக்கியமானது. வலிப்பின் ஊற்று பேச்சுக்கோ கைக்கோ உரிய பகுதியில் இருந்தால் கத்தி வைக்க முடியாது. ஊற்று ஒன்றுக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். கழுத்து நரம்பில் மின்கருவி பொருத்தும் முறை அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸில் மின்முனை வைக்கும் முறை 2018-இல் அனுமதி பெற்றது. இரண்டும் பலருக்கு வலிப்பைக் குறைக்கின்றன. இரண்டுக்கும் உடலை அறுக்க வேண்டும், கருவியை உள்ளே வைக்க வேண்டும், பேட்டரியைப் பராமரிக்க வேண்டும். வெளியிலிருந்தே ஆழத்தைத் தொடும் வழியைத் தேடி ஆய்வாளர்கள் மீயொலிக்கு வந்தது இதனால்தான்.

எலும்பைக் கடக்கும் ஒலி

மீயொலி அம்பத்தூர், ஆவடிப் பகுதிக்குப் புதிதில்லை. தண்டவாளத்துக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க ரயில்வே ஊழியர்கள் தள்ளிச் செல்லும் சோதனை வண்டி மீயொலியில்தான் வேலை செய்கிறது. பட்டறைகளில் 'யூ.டி.' என்று சொல்லும் வெல்டிங் சோதனையும் அதுவே. கர்ப்பிணியின் வயிற்றில் ஜெல் தடவி ஓட்டும் ஸ்கேன் கருவியும் அதுவே. இவை எல்லாவற்றின் இதயமும் ஒரே வகைப் படிகம்: அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும். இந்தப் பண்பை 1880-இல் பாரிஸில் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள்.

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். வயிற்று ஸ்கேனில் நொடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுகள், அதாவது சில மெகாஹெர்ட்ஸ். இந்த அதிர்வில் படம் கூர்மையாக இருக்கும். ஆனால் மண்டையோடு அந்த ஒலியைப் பெருமளவு விழுங்கிவிடும். மூளைத் தூண்டலுக்கு அதனால்தான் அதிர்வைக் குறைத்து, அரை மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். அப்போது மூளைத் திசுவில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய புள்ளியில் ஒலியைக் குவிக்க முடியாது. எனவே தொடும் இடத்தின் பரிமாணம் சில மில்லிமீட்டர்களில் இருக்கும். நினைவாற்றலுக்கும் பலருடைய வலிப்புக்கும் மூலமான, மூளையின் ஆழத்தில் உள்ள ஹிப்போகேம்பஸைக் குறிவைக்க இந்தக் கூர்மை போதும். காந்தப்புலத்தைக் கொண்டு வெளியிலிருந்து தூண்டும் முறையால் மேற்பரப்பைத் தாண்டி இவ்வளவு ஆழத்துக்கு இவ்வளவு கூர்மையாகப் போக முடியாது.

எலும்பு இன்னொரு தொல்லையும் தரும். மென்திசுவில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் போகும் ஒலி, எலும்பில் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் போகும். மண்டையோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், ஆளுக்கு ஆள் மாறும். எனவே ஒரே நேரத்தில் கிளம்பிய அலைகள் வெவ்வேறு நேரத்தில் உள்ளே வந்து சேரும். தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடித்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது; எல்லாருடைய இழுப்பும் ஒரே கணத்தில் சேர வேண்டும். அதற்காகவே சி.டி. ஸ்கேன் மூலம் ஒவ்வொரு நோயாளியின் மண்டையோட்டையும் அளந்து, ஒவ்வொரு படிகமும் எந்தக் கணத்தில் அதிர வேண்டும் என்று கணினி தனித்தனியே கணக்கிடுகிறது. தலையைச் சுற்றி 1,024 படிகங்கள் பதித்த கவசம் ஏற்கெனவே மருத்துவமனைகளில் இருக்கிறது. கை நடுக்கத்துக்கு அந்தக் கவசத்தால் தலாமஸின் ஒரு புள்ளியைச் சூடாக்கி அழிக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது.

வலிப்புக்கான முயற்சி பெரும்பாலும் வேறு பாதையில் போகிறது. திசுவை எரிக்கும் அளவுக்குப் போகாமல், மிகக் குறைந்த சக்தியில், மில்லிநொடித் துடிப்புகளாக ஒலியை அனுப்பிச் செல்களின் நடத்தையை மாற்ற முயல்கிறார்கள். திசுவின் வெப்பம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாமலும், அழுத்தத்தால் நுண்குமிழிகள் தோன்றித் திசுவைக் கிழிக்காமலும் பார்த்துக்கொள்வது இந்தத் துறை தனக்கு வகுத்துக்கொண்ட பாதுகாப்பு எல்லை.

ஒலி செல்லிடம் என்ன சொல்கிறது?

இந்த எண்ணம் பழையது. 1958-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரையும் அவர் குழுவும் பூனையின் மூளையில் பார்வைச் செய்தி கடந்து போகும் நிலையத்தில் மீயொலியைக் குவித்தார்கள். வெளிச்சத்துக்கு மூளை தரும் மின்பதில் தணிந்தது, பிறகு திரும்பி வந்தது. திசு அழியாமலே செயல் மட்டும் தற்காலிகமாக அடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 2008-இல் ஜேமி டைலரின் குழு ஆய்வகத் தட்டில் வைத்த மூளைத் துண்டுகளில் குறைந்த சக்தி மீயொலி நரம்புச் செல்களைத் தூண்டுவதைக் காட்டியது. அதன் பிறகே இத்துறை வேகம் பிடித்தது.

செல்லின் தோல் மிக மெல்லிய கொழுப்புப் படலம். அதில் அயனிகள் போய்வரும் வாயில்கள் இருக்கின்றன. சில வாயில்கள் அழுத்தத்துக்கும் இழுப்புக்கும் திறக்கும். பீசோ என்று பெயரிடப்பட்ட அத்தகைய வாயில்களைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் படபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2022-இல் கால்டெக் ஆய்வாளர்கள், மீயொலி படும்போது அழுத்தம் உணரும் வாயில்கள் வழியே கால்சியம் உள்ளே நுழைந்து, அது வேறு வாயில்களைத் திறந்து செல்லைத் துடிக்கவைப்பதாக எலியின் நரம்புச் செல்களில் காட்டினார்கள்.

வலிப்பே மிகையான தூண்டலால் வருவதாயிற்றே, செல்லைத் துடிக்கவைப்பது ஆபத்தல்லவா என்ற கேள்வி எழும். சரியான கேள்வி. துடிப்பின் நீளம், இடைவெளி, சக்தி ஆகியவற்றை மாற்றினால் அதே மீயொலி சில இடங்களில் தூண்டுகிறது, சில இடங்களில் அடக்குகிறது. எந்தக் கலவை எந்தப் பகுதியை அடக்கும் என்ற சூத்திரம் இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. இத்துறையின் மிகப் பெரிய வேலை இன்று இதுதான்.

எலியிலிருந்து மனிதருக்கு

2011-இல் வேதிப்பொருளால் வலிப்பு வரவழைக்கப்பட்ட எலிகளின் தலாமஸில் மீயொலியைக் குவித்தபோது வலிப்பு அலைகள் குறைந்தன. 2020-இல் சீன ஆய்வாளர்கள் குரங்குகளிலும் இதைக் கண்டார்கள்.

மனிதர்களில் முதலில் கேட்க வேண்டியது பாதுகாப்பைப் பற்றி. லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் இதற்கு ஒரு கவனமான வழியை எடுத்தார்கள். வலிப்புக்காக மூளையின் பொட்டுப்பகுதியை எப்படியும் வெட்டி எடுக்கப்போகும் 8 பேரிடம் ஒப்புதல் பெற்று, அறுவைக்கு முன் அந்தப் பகுதியில் மீயொலி செலுத்தினார்கள். பிறகு வெளியே எடுத்த திசுவை நுண்ணோக்கியில் சோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவில், பெரும்பாலோரின் திசுவில் சேதம் எதுவும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு தைபே மூத்த படைவீரர் பொது மருத்துவமனையின் ஆய்வு வந்தது. வலிப்பின் ஊற்றைத் தேட மூளைக்குள் ஏற்கெனவே மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த 6 பேருக்கு மீயொலி கொடுத்து, உள்ளிருந்தே மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். அடுத்த 3 நாட்களில் இருவருக்கு வலிப்பு தெளிவாகக் குறைந்தது. ஒருவருக்கு வெளியே தெரியாத வலிப்பு அலைகள் அதிகமாயின. ஒருவருக்குப் பெயர் சொல்வதிலும் நினைவிலும் தடுமாற்றம் வந்து, 3 வாரத்துக்குள் சரியானது. எம்.ஆர்.ஐ. படங்களில் காயமோ வீக்கமோ இல்லை.

இந்த எண்களை அவற்றின் அளவிலேயே வாசிக்க வேண்டும். 6 பேரில் இருவருக்குக் குறைந்ததை வெற்றி என்று கொட்டி முழக்க முடியாது, தோல்வி என்று தள்ளவும் முடியாது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் நிலைமை மிக மோசமாக இருக்கும் வாரங்களில்தான் புதிய சிகிச்சையைத் தேடி வருவார்கள். மோசமான வாரங்களுக்குப் பின் சற்று நல்ல வாரங்கள் வருவது இந்த நோயின் இயல்பு. தாமாக வந்த நல்ல வாரங்களுக்கு மீயொலி பெயர் வாங்கிவிடக் கூடும். பட்டறையில் ஸ்பேனர் பெயர் வாங்கியதும் இப்படித்தான்.

இந்த எச்சரிக்கை வெறும் கற்பனை இல்லை. 2018-இல் 'நியூரான்' இதழில் ஒன்றாக வெளியான இரண்டு ஆய்வுகள் துறையையே உலுக்கின. மீயொலித் துடிப்புகளால் உட்காதில் ஒலி உணர்வு எழுந்து, அதனால் விலங்குகளின் மூளை முழுதும் விழித்துக்கொள்வதை அவை காட்டின. அதற்கு முன் மூளையை நேரடியாகத் தூண்டியதாக நினைத்த சில முடிவுகளில், விலங்கு சத்தத்தைக் கேட்டதே காரணமாக இருந்திருக்கலாம். துறை இதை மறைக்கவில்லை. துடிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் மென்மையாக்கி, கேட்கும் உணர்வை மறைத்து, சோதனைகளைத் திருத்தி அமைத்தார்கள். அதே கவசத்தை அணிவித்து, அதே சத்தத்தைக் கேட்கவைத்து, மீயொலியை மட்டும் செலுத்தாத போலிச் சிகிச்சைக் குழு இப்போது இன்றியமையாததாகிவிட்டது.

இந்த மண் கற்றுத் தந்த ஒழுக்கம்

ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புவது என்ற ஒழுக்கத்தில் சென்னைக்கு உலகறிந்த இடம் உண்டு. 1956-இல் தொடங்கிய மெட்ராஸ் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவர்களுடைய ஏழ்மையான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தரும் என்று 1959-இல் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவம் அந்த முடிவால் மாறியது.

அதைவிடக் கடினமான பாடம் இன்னும் பக்கத்தில் நடந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் பங்கேற்ற அந்தச் சோதனையில் தடுப்பூசி ஒரு பிரிவுக்கு, மருந்தற்ற ஊசி இன்னொரு பிரிவுக்கு. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த விடை. யாரும் விரும்பாத விடை. ஆனாலும் அப்படியே வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பதால் பிறந்த குழந்தைக்கு அது இன்றும் போடப்படுகிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்தறிய முடிந்தது நேர்மையான ஒப்பீட்டால்தான்.

அந்த மரபின் வாரிசு ஒன்று அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் இருக்கிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப் பிரிவையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999-இல் உருவான தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் அது. மீயொலிக் கருவிக்கு வேண்டிய படிகமும் மின்னணுவும் துல்லியமான எந்திர வேலையும் தெரிந்த கைகள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கின்றன. சிகிச்சை பலிக்கிறதா என்று சோதிக்கத் தெரிந்த மூளைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. மீயொலி வலிப்புச் சிகிச்சை, வெளிநாட்டில் விலை நிர்ணயமாகி நமக்கு இறுதியில் வந்து சேரும் பொருளாக இருக்க வேண்டியதில்லை. நம் நோயாளிகளின் மண்டையோட்டில், நாடாப்புழுக் கட்டி விட்டுச் சென்ற தழும்பிலிருந்து எழும் நம் வலிப்புகளில் அது என்ன செய்கிறது என்று நாமே சோதித்தறிய வேண்டும்.

அந்தச் சோதனைகள் முடியும்வரை செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள எந்திரத்தை நிறுத்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ மறுபடி மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்துவதால் உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பு வரலாம். இரண்டு மருந்துகளுக்கும் அடங்கவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது என்று ஆண்டுகளைக் கரைக்காமல், அறுவைக்குத் தகுதி உண்டா என்று சோதிக்கும் வலிப்பு மையத்துக்குப் போங்கள். பணம் வாங்கிக்கொண்டு மீயொலியால் வலிப்பை இன்றே குணமாக்குவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறைப்படி பதிவு செய்யப்பட்ட, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால், கேள்விகளைக் கேட்டுத் தெளிந்து, விருப்பமிருந்தால் சேருங்கள். அப்படிச் சேரும் ஒவ்வொருவரும், சிகிச்சைக் குழுவில் இருந்தாலும் போலிச் சிகிச்சைக் குழுவில் இருந்தாலும், மாத்திரைக்கு அடங்காத வலிப்போடு வாழும் மற்றவர்களுக்கு உண்மையான ஒரு விடையைத் தேடித் தருகிறார்.